80.1 இலிருந்து 26.3 வரை: நான்கு நாடுகளின் பெண் தொழிலாளர் புள்ளிவிவரங்களை ஒப்பிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்காசியப் பெண்களின் வேலைவாய்ப்பு பற்றிய ஓர் அறிக்கைக்காக இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் தரவுகளை ஒரே அட்டவணையில் வைக்க வேண்டியிருந்தது. பொறுப்பு மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழுவுடையது. ஒருவருக்குக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கையாண்ட அனுபவம் உண்டு. ஒருவர் பொருளாதாரம் படித்தவர். மூன்றாமவர் அறிக்கை எழுதுபவர். வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல வெளியிலிருந்து ஒரு மதிப்பாய்வாளரும் இருந்தார்.

கேட்கப்பட்ட எண் எளிமையானது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் எத்தனை சதவீதம் பேர் தொழிலாளர் பங்கேற்பில் இருக்கிறார்கள்? வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்ததுதான் பங்கேற்பு விகிதம். வேலையில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் அது வேலைவாய்ப்பு விகிதம்.

நான்கு நாடுகளுக்கும் தேசியக் கணக்கெடுப்பு இருக்கிறது, ஆண்டுகளும் ஏறக்குறைய ஒத்துவருகின்றன. இந்தியாவின் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். 2017-18இல் 23.3 சதவீதம் என்றது. நேபாளத்தின் மூன்றாவது தொழிலாளர் கணக்கெடுப்பில் 2017-18க்கு 26.3. இலங்கையில் 2018இல் 33.6. வங்கதேசத்தில் 2016-17இல் 36.3. பதின்மூன்று புள்ளி வித்தியாசத்துக்குள் நான்கு எண்களும் அடுத்தடுத்து நின்றதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

முதல் அணுகுமுறை: நாட்டுக்கு மதிப்பெண்

தரவுகளின் தரத்தையும் அட்டவணையில் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. குழு முதலில் குறுக்குவழியைத்தான் எடுத்தது. உலக வங்கியின் புள்ளியியல் செயல்திறன் குறியீடு ஒவ்வொரு நாட்டுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. பன்னாட்டு நாணய நிதியத்தின் தரவு வெளியீட்டுத் தரநிலையில் இந்தியா 1996இலும் இலங்கை 2015இலும் சேர்ந்தன. நேபாளமும் வங்கதேசமும் அதற்கு ஒரு படி கீழே உள்ள பொதுத் தரநிலையில் இருந்தன. இந்த இரண்டையும் ஒரு பத்தியில் போட்டுவிட்டால் தரம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

இந்த மதிப்பெண்கள் பயனற்றவை அல்ல. நாட்காட்டி போட்டு, சொன்ன தேதியில் தரவை வெளியிடுகிறார்களா, விளக்கக் குறிப்பு இருக்கிறதா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததா என்பதை எல்லாம் அவை அளக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் "வேலை" என்ற சொல்லுக்குள் எது போனது, எது போகவில்லை என்பதை அவை சொல்லாது. இந்த அட்டவணையின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. மதிப்பெண்ணில் கீழே நின்ற நேபாளம்தான் நான்கில் மிகப் புதிய வரையறையைப் பயன்படுத்தியிருந்தது!

கவனித்தவை

வரைவில் ஒரு வரி இப்படி இருந்தது: "நேபாளத்தில் பெண்களின் பங்கேற்பு 2008இல் 80.1 சதவீதமாக இருந்து, பத்தே ஆண்டுகளில் 26.3 சதவீதமாகச் சரிந்தது." அதைத் தொடர்ந்து வெளிநாட்டுக்குப் போன ஆண்கள், வரும் பணம், கைவிடப்பட்ட வயல் என்று காரணங்களும் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் நம்பும்படியான காரணங்கள்தான், அதனால்தான் ஆபத்து.

மதிப்பாய்வாளர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதினார்: ஆண்களின் விகிதம் என்ன ஆனது? அதே இரண்டு கணக்கெடுப்புகளில் ஆண்களின் பங்கேற்பும் 87.5இலிருந்து 53.8க்கு இறங்கியிருந்தது. வேலையின்மை 2.1 சதவீதத்திலிருந்து 11.4க்கு ஏறியிருந்தது. போரோ பஞ்சமோ இல்லாமல் ஒரு நாட்டின் ஆண்களில் மூன்றில் ஒருவர் வேலையிலிருந்து விலகுவது நடக்கக்கூடிய காரியமல்ல. நாடு அப்படியே இருந்தது, அளவுகோல்தான் மாறியிருந்தது.

2013 அக்டோபரில் ஜெனீவாவில் நடந்த 19ஆவது பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வேலைவாய்ப்பின் வரையறையைச் சுருக்கியது. அதுவரை 1982இன் 13ஆவது மாநாட்டு வரையறை நடப்பில் இருந்தது. அதன்படி வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் விளைவிப்பவரும் வேலையில் இருப்பவர்தான். புதிய வரையறையில் கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டுமே வேலைவாய்ப்பு. சொந்தப் பயன்பாட்டுக்கு உற்பத்தி செய்வது உழைப்பு என்று ஒப்புக்கொள்ளப்படும், ஆனால் தனிக் கணக்கில் போகும். நேபாளம் 2017-18இல் இந்தப் புதிய வரையறைக்கு மாறியது. 2008இல் அது பழைய வரையறையையும் மிக அகலமாக எடுத்திருந்தது. தண்ணீர் எடுப்பதும் விறகு பொறுக்குவதும்கூட அப்போது வேலைக்குள் வந்தன.

வேலையின்மை ஏன் ஏறியது என்பதும் இதே கணக்குதான். வீட்டுக்கு விளைவிப்பவர்கள் வகுக்கும் எண்ணிலிருந்து போய்விட்டார்கள். அவர்களில் கூலி வேலை தேடுபவர்கள், முன்பு "வேலையில் இருப்பவர்" என்று எழுதப்பட்டதால் வேலையற்றோர் கணக்கில் வரவே முடியாது. இப்போது அவர்களும் வருகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. உலக வங்கித் தரவுத்தளத்தில் ஒரே குறியீட்டுக்கு இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. கணித மாதிரி கொண்டு கணிக்கும் மாதிரி மதிப்பீடு, மற்றொன்று நாடு தந்த தேசிய மதிப்பீடு. நேபாளத்தில் தொழிலாளர் கணக்கெடுப்பு 1998-99, 2008, 2017-18 என்று மூன்று முறைதான் நடந்திருந்தது. ஆனால் மாதிரி மதிப்பீட்டில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எண் இருக்கும். குழுவின் வரைபடத்தில் இடையில் ஓடிய வழவழப்பான கோடு யாரையும் கேட்டு எடுத்ததல்ல, கணித்தது.

நான்கு பெண்களை வினாத்தாளில் நடத்திப் பார்த்தது

வரையறைக் குறிப்புகளைப் படித்து ஒப்பிடுவது கைகொடுக்கவில்லை. எல்லா அறிக்கையின் பின்னிணைப்பும் "சர்வதேசத் தரநிலைகளுக்கு இணங்க" என்றே தொடங்குகிறது. குழு வினாத்தாள்களையும் கள அலுவலர் கையேடுகளையும் இறக்கிக்கொண்டு, கற்பனையாக நான்கு பெண்களை உருவாக்கி, ஒவ்வொரு வினாத்தாளிலும் கேள்வி கேள்வியாக நடத்திப் பார்த்தது. இந்த நிகழ்வில் மற்றவர்கள் எடுத்துச் செல்லக்கூடிய பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம்.

நால்வரும் இந்திய-நேபாள எல்லையை ஒட்டிய தெராய் சமவெளியில், எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வாழ்கிறார்கள் என்று கொள்வோம். முதலாமவர் மாடு வளர்த்துப் பாலை விற்கிறார். இரண்டாமவரும் மாடு வளர்க்கிறார், பால் முழுவதும் வீட்டுக்கு. மூன்றாமவர் அறுவடையில் ஆண்டுக்கு 40 நாள் கூலிக்குப் போகிறார், கணக்கெடுப்பு வந்த வாரத்தில் போகவில்லை, வேலை தேடவும் இல்லை. நான்காமவர் சமையல், பிள்ளைகள், கூடவே விறகு பொறுக்குவது, தண்ணீர் எடுப்பது.

இந்தியாவில் முதன்மையாக வெளியிடப்படும் எண் "வழக்கமான நிலை" சார்ந்தது. கடந்த 365 நாளில் பெரும்பகுதி நேரம் என்ன செய்தார் என்பது முதன்மை நிலை. அது வேலையாக இல்லாவிட்டாலும் 30 நாளோ அதற்கு மேலோ ஏதாவது வேலை செய்திருந்தால் துணை நிலையில் வேலையில் இருப்பவராகக் கணக்கு. சொந்தப் பயன்பாட்டுக்கான விவசாயமும் கால்நடையும் விதிப்படி வேலையே. ஆகவே முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் உள்ளே. விறகுக்காரர் குறியீடு 93க்குப் போவார். வீட்டு வேலையோடு விறகு, தீவனம், கீரை சேகரிப்பது, வீட்டுக்குத் தைப்பது ஆகியவற்றுக்கான குறியீடு அது, தொழிலாளர் கணக்குக்கு வெளியே நிற்பது. நால்வரில் மூவர்.

அதே இந்தியக் கணக்கெடுப்பின் இன்னொரு அளவு "நடப்பு வார நிலை". ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். இதில் அறுவடைக் கூலிக்காரர் வெளியே போவார். நால்வரில் இருவர்.

நேபாளம் 2008: பால் விற்பவர், வீட்டுக்கு மாடு வளர்ப்பவர், விறகும் தண்ணீரும் எடுப்பவர் உள்ளே. போன வாரம் வேலைக்குப் போகாத கூலிக்காரர் வெளியே. நால்வரில் மூவர். நேபாளம் 2017-18: பால் விற்பவர் மட்டும். நால்வரில் ஒருவர்.

இந்தியாவின் வழக்கமான நிலைக்கும் நேபாளம் 2008க்கும் மூன்று மூன்று பேர்தான். ஆனால் அதே மூவர் அல்லர்.

இதற்குப் பிறகுதான் குழு தன் அட்டவணையில் மிக அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு ஜோடியைக் கவனித்தது. பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம் இந்தியாவில் 22.0, நேபாளத்தில் 22.9. 80.1க்கும் 26.3க்கும் இடையிலான பள்ளம் கண்ணை உறுத்தியதால் பிடிபட்டது. இந்த இரண்டு எண்களும் இரட்டையர்போல நின்றதால் எவரும் கேள்வி கேட்கவில்லை. உண்மையில் இந்திய எண்ணுக்குள் வீட்டுக்கு விளைவிப்பவர்களும், ஆண்டில் 30 நாள் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். நேபாள எண்ணுக்குள் இரு தரப்பும் இல்லை. இரண்டு வேறுபாடுகளும் ஒரே திசையில் இழுக்கின்றன. நேபாளத்தின் அளவுகோலால் அளந்தால் இந்தியாவின் எண் 22.0க்குக் கீழே போகும்.

இந்தியப் பக்கம் எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்றும் உண்டு. வீட்டு மாட்டைப் பராமரிப்பவர் விதிப்படி வேலையில் இருப்பவர் என்றாலும், குடும்பத்தில் பதில் சொல்பவர் "அவங்க வீட்லதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டால் 92 அல்லது 93இல்தான் விழுவார். ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்வது அனுமதிக்கப்பட்ட முறை. குறியீடு 93 எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை 2022-23 ஒரு சான்று தருகிறது. அத்தகைய உழைப்பையும் சேர்த்தால் 2020-21இன் பங்கேற்பு 32.5இலிருந்து 46.2 ஆகிறது என்று அது காட்டியது.

எடுத்த முடிவுகள்

எல்லா நாடுகளையும் ஒரே வரையறைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது இயல்பான ஆசை. அது முழுதாக முடியாது என்பது தனிநபர் தரவை, அதாவது ஒவ்வொருவரின் பதிலும் தனித்தனியாக உள்ள கோப்பை, திறந்ததும் தெரிந்தது. நேபாளத்தின் மூன்றாவது கணக்கெடுப்பு சொந்தப் பயன்பாட்டு உற்பத்தியைத் தனியாகக் கேட்டிருக்கிறது. ஆகவே அவர்களைத் திரும்பச் சேர்த்துப் பழைய வரையறைக்கு அருகில் போகலாம். இந்தியாவின் 2017-18 அட்டவணையில், விளைந்தது விற்பனைக்கா வீட்டுக்கா என்ற கேள்வி இல்லை. ஆகவே இந்தியாவைப் புதிய வரையறைக்குக் கொண்டுபோக வழியில்லை. பாதை ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. நேபாளத்தைப் பழைய வரையறைக்குத் திருப்புவதும் அட்டவணையின் முதன்மை எண்ணாக வைக்கப்படவில்லை. தண்ணீரையும் விறகையும் சேர்ப்பதா வேண்டாமா என்று குழு எடுக்கும் ஒரு முடிவே விடையைத் தீர்மானித்துவிடும் என்பதுதான் காரணம்.

வரையறை மாறினாலும் அசையாத அளவு ஒன்று தேவைப்பட்டது. கூலிக்கோ சம்பளத்துக்கோ பிறரிடம் வேலை செய்வது பழைய வரையறையிலும் உள்ளே, புதியதிலும் உள்ளே. எனவே மொத்தப் பெண்களில் கூலி, சம்பள வேலையில் இருப்பவர்களின் விகிதம் முதன்மை ஒப்பீடாக ஏற்கப்பட்டது. சுயதொழிலையும் குடும்ப உதவியாளர்களையும் இது விட்டுவிடுகிறது. அந்த இழப்பு அட்டவணைக்குக் கீழேயே எழுதப்பட்டது.

கணக்கு வெளியிட்ட அட்டவணைகளிலிருந்தே வருகிறது. இந்தியா 2017-18: பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம் 22.0. வேலையில் உள்ள பெண்களில் நிலையான சம்பளத்தில் 21.0, தினக்கூலியில் 27.0, ஆக 48.0 சதவீதம். 22.0ஐ 0.48ஆல் பெருக்கினால் சுமார் 10.6. வேலைநிலைப் பங்குகள் எல்லா வயதுக்கும், வேலைவாய்ப்பு விகிதம் 15 வயதுக்கு மேலும் என்பதால் இதில் மிகச் சிறிய பிழை உண்டு. தனிநபர் தரவில் அதையும் சரிசெய்யலாம்.

சரிசெய்யப் போனபோது இரண்டு தவறுகள் நேர்ந்தன. இரண்டும் பொதுவானவை. பி.எல்.எஃப்.எஸ். கோப்பில் உள்ள பெருக்கியை, அதாவது ஒருவரின் பதில் எத்தனை பேருக்குச் சமம் என்று காட்டும் எடையை, அப்படியே பயன்படுத்தக் கூடாது. துணை மாதிரி எண்ணிக்கையும் கூட்டு எண்ணிக்கையும் சமமாக இருந்தால் 100ஆல் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் 200ஆல். பிறகு காலாண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். குழு கடைசிப் படியை மறந்ததில் பெண் தொழிலாளர் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அது உடனே தெரிந்துவிட்டது. முதல் படியில் எல்லாவற்றையும் 100ஆல் வகுத்தது தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பிழை விகிதத்தை மெல்லத்தான் நகர்த்துகிறது. வெளியிட்ட 23.3 திரும்ப வருகிறதா என்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. வெளியிட்ட ஓர் எண்ணை மீட்டெடுக்காமல் எந்தப் புதிய எண்ணையும் கணக்கிடுவதில்லை என்று அதன்பின் முடிவானது. நகர்ப்புற வீடுகளுக்கு மறுவருகைக் கோப்பு தனியாக உண்டு. வழக்கமான நிலைக்கு முதல் வருகைக் கோப்பு மட்டும்தான்.

வயது விஷயம் சிறியது, ஆனால் அடிக்கடி காலை வாரும். 2017-18க்கு இந்திய அறிக்கையிலேயே 23.3 என்றும் 17.5 என்றும் இரண்டு எண்கள் கிடைக்கும். பின்னது பிறந்த குழந்தை வரை எல்லா வயதுக்கும். இலங்கையில் போர் ஆண்டுகளின் பெரும்பாலான சுற்றுகளில் வடக்கும் கிழக்கும் விடுபட்டிருக்கின்றன. ஆகவே அந்த ஆண்டுகளின் எண்ணைப் பிந்தைய எண்ணோடு கோடு போட்டு இணைக்கவில்லை.

தொடர்ந்தது

நேபாளச் சரிவு பற்றிய பத்தி முழுவதும் நீக்கப்பட்டது. நாட்டு மதிப்பெண் பத்தி இணைப்புக்குப் போனது. அட்டவணையில் ஒவ்வோர் எண்ணின் அருகிலும் மூன்று தகவல்கள் ஏறின: எந்த மாநாட்டு வரையறை, குறிப்புக் காலம் ஒரு வாரமா ஓராண்டா, தேசிய மதிப்பீடா மாதிரி மதிப்பீடா. அறிக்கையைக் கேட்டவர்களுக்கு இது பிடிக்கவில்லை, நாடுகளை வரிசைப்படுத்திய பட்டியல்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. குழு வரிசை எண் போட மறுத்தது. வெளியீடு தாமதமாயிற்று.

இரண்டாம் பதிப்புக்கு இந்தியாவின் 2023-24 தரவு சேர்ந்தபோது புதிய அளவின் பயன் தெரிந்தது. பெண்களின் பங்கேற்பு 23.3இலிருந்து 41.7க்கு ஏறியிருந்தது. வேலைவாய்ப்பு விகிதம் 40.3. ஆனால் வேலையில் உள்ள பெண்களில் நிலையான சம்பளத்தில் 15.9, தினக்கூலியில் 16.7, ஆக 32.6 சதவீதம்தான். 40.3ஐ 0.326ஆல் பெருக்கினால் சுமார் 13.1. அதாவது பங்கேற்பு 18.4 புள்ளி ஏறியபோது கூலி, சம்பள வேலை இரண்டரைப் புள்ளிதான் ஏறியிருக்கிறது. மற்ற ஏற்றம் பெரும்பாலும் சுயதொழில் என்ற பெட்டிக்குள், அதன் பங்கு 51.9இலிருந்து 67.4 ஆகியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள்தான் வீட்டு மாட்டுக்காரரும் இருக்கிறார். புதிதாக உழைக்கத் தொடங்கினார்களா, முன்பே செய்துகொண்டிருந்த உழைப்பு இப்போது சரியாக எழுதப்படுகிறதா என்பதை இந்த அட்டவணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டாம் பதிப்பும் பிரிக்கவில்லை.

2024ஆம் ஆண்டுக்கு வங்கதேசப் புள்ளியியல் பணியகம் பழைய வரையறை, புதிய வரையறை இரண்டிலும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் வேலையின்மை பழையபடி 3.69, புதியபடி 4.63. வரையறை மாறும் இடத்தில் ஒரு நாடு செய்யக்கூடிய மிக உதவியான காரியம் இதுதான். நேபாளத்துக்கு அப்படி ஒரு பாலம் இருந்திருந்தால் இந்த நிகழ்வின் பாதி நடந்திருக்காது.

2025 ஜனவரி முதல் பி.எல்.எஃப்.எஸ். மாதாந்தர வெளியீட்டுக்கு மாறியது, அதன் எண்கள் நடப்பு வார நிலையில். ஏப்ரல் மாதத்துக்கு வேலையின்மை 5.1 சதவீதம் என்று வந்ததும், 2023-24இன் 3.2 சதவீதத்தோடு அதை ஒப்பிட்டுப் பேசியவர்கள் இருந்தார்கள். 3.2 வழக்கமான நிலை எண். குழு தன் கோப்பில் 2025 ஜனவரியில் ஒரு முறிவுக் கோடு போட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வினாத்தாளைப் படிப்பது மூன்றாவது படியாக இல்லாமல் முதல் படியாக இருந்திருக்க வேண்டும். நான்கு பெண்களை நடத்திப் பார்க்க ஒரு நாட்டுக்கு அரை நாள்கூட ஆகவில்லை, கையேடு கிடைத்தால் போதும். நாட்டு மதிப்பெண்ணில் செலவான நேரம் அதைவிட அதிகம்.

ஐயப்பட வேண்டிய எண்களைத் தேர்ந்தெடுத்த விதமும் மாற வேண்டும். பெரிதாக விலகிய எண்ணை மட்டும் சோதித்ததால் 22.0, 22.9 ஜோடி கடைசிவரை தப்பித்தது. இப்போது எதிர்பார்த்தபடி ஒத்துவரும் எண்களில் சிலவும் கட்டாயச் சோதனைக்குப் போகின்றன.

ஆண்களின் வரிசையைப் பக்கத்தில் வைப்பது இன்னொரு மாற்றம். பெண்களைப் பற்றிய அட்டவணை என்பதால் ஆண்களின் எண்கள் எடுக்கப்படவே இல்லை. ஒரு சமூகக் காரணம் பெண்களை மட்டும் பாதிக்கலாம், ஆனால் வரையறை மாற்றம் இருபாலரையும் அசைக்கும்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. குடும்பத்தில் யார் பதில் சொன்னார் என்பதை நான்கு நாடுகளுக்கும் ஒரே மாதிரி குறிக்க முடியவில்லை. அந்தப் பத்தியில் "ஒப்பிட இயலவில்லை" என்றே அச்சாகியிருக்கிறது.